யாருக்காக இந்தச் சான்றிதழ்?

இங்கிலாந்தின் கால்வாய்க் கரைகளில் அன்றாடம் நடக்கும் வியாபாரம் இது. ஒரு பழைய படகு விலை பேசப்படுகிறது. "படகு பத்திரமானதுதானா?" என்று வாங்க வந்தவர் கேட்கிறார். விற்கிறவரோ, அவருக்காகப் பேசும் தரகரோ உடனே ஒரு காகிதத்தை எடுத்து நீட்டுகிறார். அதன் பெயர் படகுப் பாதுகாப்புச் சான்றிதழ். இன்னும் இரண்டு வருஷத்துக்குச் செல்லும் என்று தேதி போட்டிருக்கிறது. வாங்குகிறவர் மனம் குளிர்ந்து பணத்தை எண்ணிக் கொடுத்து விடுகிறார்.

அந்தக் காகிதம் பொய்யல்ல. பொய்யான காகிதமாக இருந்தால் போலீசில் புகார் செய்து தீர்த்துக் கொள்ளலாம். உண்மையான காகிதம்தான், ஆனால் வாங்குகிறவரைப் பாதுகாப்பதற்காக அது எழுதப்படவே இல்லை! படகில் குடியேறப் போகிறவர்களின் உயிரைப் பற்றி அது சொல்வது மிகக் கொஞ்சம். படகின் அடித்தகடு துருப்பிடித்து ஓட்டையாகும் நிலையில் இருந்தாலும் அது வாய் திறக்காது. இந்த விஷயம் விற்கிறவருக்குத் தெரியும், தரகருக்குத் தெரியும், திட்டத்தை நடத்துகிறவர்களுக்கும் தெரியும். கடைசியாகத் தெரிந்து கொள்கிறவர் பணத்தைக் கொடுத்தவர்தான்.

கால்வாய்ப் படகு என்றதும் சீமான்களின் உல்லாசப் பயணம் நம் வாசகர்களின் நினைவுக்கு வரக்கூடும். அப்படிப்பட்ட படகுகளும் உண்டு. ஆனால் லண்டன் வாடகைக்குத் தாக்குப் பிடிக்க முடியாத உழைப்பாளிகளும், ஓய்வூதியத்தில் காலந்தள்ளும் முதியவர்களும் சேர்த்து வைத்த காசையெல்லாம் போட்டு வாங்குவதும் இதே படகுதான். 'நாரோபோட்' என்று சொல்லப்படும் இந்தப் படகின் அகலம் ஏழு அடிக்கும் குறைவு. நீளம் எழுபது அடி வரை போகும். இந்த இரும்புப் பெட்டிக்குள் படுக்கை, அடுப்பு, காஸ் சிலிண்டர், டீசல் டாங்கி, பாட்டரிகள், இன்ஜின் எல்லாம் ஒன்றை ஒன்று இடித்துக் கொண்டு இருக்கின்றன. வீட்டில் காஸ் கசிந்தால் ஜன்னலைத் திறக்கலாம். படகில் கசியும் காஸ் காற்றை விடக் கனமானது. அது கீழே இறங்கி அடித்தளத்தில் தேங்கி, ஒரு தீப்பொறிக்காகக் காத்துக் கிடக்கும். இப்படிப்பட்ட இடத்தில் உறங்கப் போகிறவனுக்கு "பத்திரமா?" என்ற கேள்வி வெறும் சம்பிரதாயமல்ல.

சட்டம் என்ன சொல்கிறது? 1995ஆம் ஆண்டின் பிரிட்டிஷ் நீர்வழிச் சட்டம் படகு வைத்திருப்பவருக்கு மூன்று நிபந்தனைகள் விதிக்கிறது. பாதுகாப்புச் சான்றிதழ் வேண்டும். இன்ஷூரன்ஸ் வேண்டும். படகைக் கட்டி வைக்க நிலையான இடம் வேண்டும். இல்லையேல் ஒரே இடத்தில் பதினான்கு நாளுக்கு மேல் தங்காமல் நகர்ந்து கொண்டே இருக்க வேண்டும். மூன்றும் இருந்தால்தான் லைசென்ஸ். இதைக் கவனிக்க வேண்டும்: சான்றிதழ் கேட்கப்படுவது லைசென்சுக்காக, விற்பனைக்காக அல்ல. தனியார் ஒருவர் தமது பழைய படகை மற்றொருவருக்கு விற்கும்போது சான்றிதழ் காட்டியே தீர வேண்டும் என்ற விதி கிடையாது. காலாவதியான படகையும் விற்கலாம். லைசென்சோ புதிய சொந்தக்காரருக்கு மாறாது. அவர் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும். அப்போது சான்றிதழ் இல்லையென்றால் அது அவருடைய தலைவலி!

புதுப்படகுக்கு வேறு சட்டம் இருக்கிறது. 1998 ஜூன் முதல் புதிய உல்லாசப் படகுகள் கட்டுமானத் தரவிதிகளுக்கு உட்பட வேண்டும். தானே கட்டிய படகை அந்தத் தரத்துக்கு உட்படுத்தாமல் ஐந்து வருஷத்துக்குள் விற்கக் கூடாது. அதாவது ஒன்றுமில்லாதவன் வாங்காத புதுப்படகுக்குத்தான் கட்டுக்காவல் பலம். கைமாறிக் கைமாறி முப்பது வருஷம் ஓடிய படகு அவன் தலையில் வந்து விழும்போது சட்டம் முகத்தைத் திருப்பிக் கொள்கிறது.

இந்தச் சான்றிதழை வழங்கும் படகுப் பாதுகாப்புத் திட்டம் 1997இல், அன்றைய பிரிட்டிஷ் நீர்வழி வாரியமும் சுற்றுச்சூழல் ஏஜென்சியும் சேர்ந்து தொடங்கியது. பரிசோதகர் வருகிறார். காஸ் குழாய்கள், எண்ணெய்க் குழாய்கள், மின்கம்பிகள், தீயணைப்புக் கருவிகள் ஆகியவற்றைப் பார்க்கிறார். தேறினால் நான்கு வருஷம் வரை செல்லும் சான்றிதழ். நல்ல காரியம்தான், இதனால் எத்தனையோ தீ விபத்துகள் தவிர்க்கப்பட்டிருக்கும் என்பதை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் அவர் தண்ணீருக்கடியில் இருக்கும் தகட்டைப் பார்ப்பதில்லை. கட்டும்போது பத்து மில்லிமீட்டராக இருந்த அடித்தகடு இன்று எத்தனை மில்லிமீட்டராகத் தேய்ந்திருக்கிறது? அதை அறியப் படகைத் தண்ணீரை விட்டு மேலே தூக்கி, மீயொலிக் கருவி வைத்து அளக்க வேண்டும். அது தனிப் பரிசோதனை, தனிச் செலவு, வாங்குகிறவர் தம் கைக்காசைப் போட்டுச் செய்து கொள்ள வேண்டியது. பல நூறு பவுன் ஆகும். படகு தேறாவிட்டால் அந்தப் பணமும் போச்சு. அடுத்த படகுக்கு மறுபடியும் கொடுக்க வேண்டும். இரண்டு படகுகளைப் பரிசோதித்துக் கைவிட்டவர், மூன்றாவது படகைக் கண்ணை மூடிக் கொண்டு வாங்குவதில் ஆச்சரியம் என்ன?

நம்மூரில் பழைய லாரி வாங்குகிறவர் எஃப்.சி. இருக்கிறதா என்று கேட்பார். எஃப்.சி. உள்ள லாரியெல்லாம் ஊர் போய்ச் சேரும் லாரியல்ல என்பதும் அவருக்குத் தெரியும். ஆகவே மெக்கானிக்கைக் கூட்டிப் போவார். ஆனால் லாரிக்குள் குழந்தை குட்டிகளுடன் கதவைச் சாத்திக் கொண்டு யாரும் தூங்குவதில்லை.

சங்கதி இதோடு நிற்கவில்லை. இந்தப் பரிசோதனையின் சித்தாந்தமே வேடிக்கையானது. தனியார் படகுகளைப் பொறுத்தவரை, 'மூன்றாம் நபருக்கு' ஆபத்து விளைவிக்கும் குறைகள்தான் பெரும்பாலும் கட்டாயப் பட்டியலில் வருகின்றன. பக்கத்துப் படகுக்காரர், கரையில் நடக்கிறவர், கால்வாயின் நிர்வாகம் ஆகியோருக்கு வரக்கூடிய ஆபத்துகள் அவை. படகுக்குள் இருப்பவருக்கு மட்டுமே ஆபத்து என்றால் பல இடங்களில் 'ஆலோசனை'யோடு முடித்துக் கொள்கிறார்கள். தன் வீட்டில் தான் சாவது தன் சொந்த விவகாரமாம்!

உதாரணத்துக்குக் காற்றோட்டத்தை எடுத்துக் கொள்வோம். அடுப்பு எரியும் மூடிய அறைக்குக் காற்றுத் துவாரம் எவ்வளவு அவசியம் என்பதைச் சொல்லத் தேவையில்லை. கார்பன் மோனாக்சைடுக்கு நிறமில்லை, மணமில்லை. தூங்குகிறவன் எழுந்திருப்பதில்லை. 2019 ஏப்ரலில் எச்சரிக்கைக் கருவி கட்டாயமாக்கப்பட்டபோதும், தனியார் படகில் காற்றோட்டம் ஆலோசனையாகவே நின்றது. ஒரு வார விடுமுறைக்கு வாடகைப் படகு எடுக்கிறவருக்கு அது கட்டாயம். வாழ்நாள் முழுவதும் வசிக்கப் படகு வாங்குகிறவருக்கு அது யோசனை!

அந்த எச்சரிக்கைக் கருவி கூட எந்த வழியாக உள்ளே வந்தது? 2013 ஏப்ரலில் விண்டர்மியர் ஏரியில் ஒரு படகில் தாயும் மகளும் ஜெனரேட்டர் புகையால் மாண்டனர். 2016 ஜூனில் நார்ஃபோக்கில் ராக்ஸம் என்ற ஊரில் இன்ஜின் புகை இருவரைக் கொன்றது. கடல் விபத்துப் புலனாய்வுக் கிளை விசாரித்தது, அறிக்கைகள் வந்தன. இவ்வளவுக்கும் பிறகு கருவியைக் கட்டாயமாக்கக் கிடைத்த நியாயம், ஒரு படகின் நச்சுக்காற்று அடுத்த படகுக்குள் போகக்கூடும் என்பது. அண்டை வீட்டாரின் வாசல் வழியாகத்தான் அந்தக் கருவி படகுக்குள் நுழைய முடிந்தது. அதன் பிறகும் விதி அமலாவது அடுத்த பரிசோதனையின் போதுதான். 2018இல் சான்றிதழ் பெற்ற படகு 2021 வரை கருவியில்லாமலே கைமாறியிருக்கலாம். காகிதம் செல்லுபடியாகத்தான் இருந்திருக்கும். 2019 டிசம்பரில் யார்க் நகரில் ஊஸ் நதியில் கட்டியிருந்த படகொன்றில் இருவர் இறந்து கிடந்தார்கள். அறையைச் சூடாக்கும் டீசல் கருவியின் புகைக்குழாய் இணைப்பு விட்டுப் போயிருந்தது.

கரையிலிருப்பவனுக்கு ஒரு நியாயம், படகிலிருப்பவனுக்கு ஒரு நியாயம் என்பது இன்று நேற்று வந்ததல்ல. 1874 அக்டோபர் 2ஆம் தேதி லண்டன் ரீஜண்ட் பூங்காவை ஒட்டிய கால்வாயில், வெடிமருந்தும் பெட்ரோலிய எண்ணெயும் ஏற்றிச் சென்ற 'டில்பரி' என்ற படகு பாலத்துக்கடியில் வெடித்துச் சிதறியது. படகிலிருந்த மூவர் செத்தனர். செல்வந்தர் மாளிகைகளின் கண்ணாடிகள் நொறுங்கின. அடுத்த ஆண்டே வெடிபொருள் சட்டம் பிறந்து விட்டது. படகின் சிறு அறைக்குள் குடும்பம் குடும்பமாக அடைந்து கிடந்தவர்களுக்கான கால்வாய்ப் படகுச் சட்டம் 1877இல் வந்தது. கோல்வில் ஊர் ஜார்ஜ் ஸ்மித் என்பவர் விடாமல் போராடியதால் வந்தது. (அவர் படகுத் தொழிலாளர்களைக் குடிகாரர்களென்றும் ஒழுக்கங்கெட்டவர்களென்றும் ஏசியதை அவர்கள் மறக்கவில்லை, அதில் நியாயமுண்டு.) சட்டத்துக்குப் பல் முளைக்க 1884ஆம் ஆண்டின் திருத்தம் வேண்டியிருந்தது. இருந்தாலும் அந்தச் சட்டம் கேட்ட கேள்வி சரியான கேள்வி. அறையில் எத்தனை பேர்? ஒவ்வொருவருக்கும் எவ்வளவு காற்று? நிலக்கரி ஏற்றிய காலத்தில், விக்டோரியா ராணியின் ஆட்சியில், படகு அறையின் காற்று சட்டத்தின் விஷயமாக இருந்தது. நூற்றிருபது ஆண்டுகள் கழித்து வந்த திட்டத்தில் அது ஆலோசனையாகச் சுருங்கி விட்டது. முன்னேற்றமாம்!

"வாங்குகிறவன் விழிப்பாயிருக்கட்டும்" என்று இதற்குப் பதில் சொல்கிறார்கள். பழைய லத்தீன் சூத்திரம் இது. சந்தைக் கனவான்களுக்கு வேதவாக்கு. கடையிலிருந்து, அதாவது வியாபாரியிடமிருந்து வாங்கினால் 2015ஆம் ஆண்டின் நுகர்வோர் உரிமைச் சட்டம் துணை நிற்கும். தரகர் மூலம் வாங்கும்போதோ, தரகர் வெறும் ஏஜெண்ட்; உண்மையில் விற்கிறவர் தனிநபர். அலங்காரமான ஆபீசும் அச்சடித்த ஒப்பந்தமும் பார்த்து வாங்குகிறவர் ஏமாறுகிறார். சட்டத்தின் கண்ணில் அது இரு தனிநபர் வியாபாரம். விற்கிறவர் வாய் திறந்து பொய் சொல்லியிருந்தால் வழக்குத் தொடரலாம். மௌனமாகச் சான்றிதழை மட்டும் நீட்டியிருந்தால்? அதில் பொய் ஒன்றுமில்லையே!

விழிப்பாயிருப்பது எப்படி என்றும் அவர்களே சொல்லட்டும். எரிவாயு எந்த மூட்டில் கசிகிறதென்று பார்க்கப் பரிசோதகருக்குக் கருவி வேண்டும். தகட்டை அளக்க நிபுணருக்குக் கருவி வேண்டும். வாங்குகிறவருக்கு மட்டும் வெறும் கண் போதுமா?

இன்னொரு வாதம் கொஞ்சம் கனமானது. அதைத் தட்டிக் கழிக்கக் கூடாது. "விற்கிறவரும் பல நேரம் ஏழைதான். புதிய பரிசோதனை, தகடு அளவீடு என்று கட்டாயப்படுத்தினால் அவர் படகை விற்கவே முடியாமல் போகும். விதிகளைக் கூட்டக் கூட்ட நீரில் வாழும் எளியவர்கள்தான் துரத்தப்படுவார்கள்" என்கிறார்கள் படகு வாசிகளில் சிலர். அவர்களது பயத்துக்குக் காரணம் உண்டு. 2024 ஏப்ரல் முதல், நிலையான இடமில்லாமல் நகர்ந்து வாழ்கிறவர்களின் லைசென்சுக்கு மேல்வரி சேர்க்கப்பட்டிருக்கிறது. 2012இல் பொதுத்துறை நிறுவனத்திடமிருந்து கால்வாய்களை ஏற்ற அறக்கட்டளைக்கு, 2027க்குப் பிறகு சர்க்கார் தரும் மானியத்தின் உண்மை மதிப்பு குறையும் என்று 2023இலேயே தெரிந்து விட்டது. பணமில்லாத நிர்வாகம் யார் பையைத் தடவும் என்று அவர்கள் அனுபவத்தில் அறிவார்கள்.

ஆனால் விற்பனை நேரத்தில் பரிசோதனை கேட்பதும் வசிக்கிறவரை விரட்டுவதும் ஒன்றல்ல. விற்பனையின்போது பெருந்தொகை கைமாறுகிறது. படகுச் சொந்தக்காரரின் வாழ்க்கையில் பரிசோதனைச் செலவைத் தாங்கும் நேரம் ஒன்று உண்டென்றால் அது இதுதான். விலையில் அது ஒரு சிறு பங்கு. தேறாத படகை விற்கவே கூடாது என்றும் யாரும் சொல்லவில்லை. தேறவில்லை என்பதை எழுதி, குறைகளைப் பட்டியலிட்டு, அதற்கேற்ற விலைக்கு விற்கட்டும். இன்று அந்தக் குறைகள் மறைந்து போவதில்லை. வாங்குகிறவரின் கணக்கில் ஏறுகின்றன. ஏழை விற்பவரின் பாரத்தை இன்னொரு ஏழையின் நுரையீரலில் இறக்கி வைப்பதற்குப் பெயர் கருணையா?

அப்படியானால் கேட்க வேண்டியது என்ன? படகு கைமாறும் போதெல்லாம், விற்பனைக்குச் சில வாரங்களுக்குள் செய்த புதிய பரிசோதனை, செலவு விற்கிறவருடையது. அதில் உள்ளே வசிப்பவரின் உயிருக்கான காற்றோட்டம் முதலியவை ஆலோசனைப் பட்டியலிலிருந்து கட்டாயப் பட்டியலுக்கு வர வேண்டும். கடைசியாக எப்போது தகடு அளக்கப்பட்டது, எத்தனை மில்லிமீட்டர் என்பது படகின் பதிவு எண்ணோடு சேர்ந்து, வாங்குகிறவர் கேட்டவுடன் பார்க்கக் கூடியதாக இருக்க வேண்டும். ஒரே படகை நான்கு பேர் நான்கு தடவை தூக்கி அளந்து பணத்தை விரயம் செய்ய வேண்டியதில்லை. இப்போது பரிசோதகரைத் தேர்ந்தெடுப்பதும் அவருக்குக் கூலி கொடுப்பதும் படகின் சொந்தக்காரர்தான். பரிசோதகர்களின் நேர்மையைச் சந்தேகிப்பது நம் நோக்கமல்ல. ஆனால் விற்கிறவர் அழைத்து வரும் பரிசோதகர் வாங்குகிறவருக்கும் பதில் சொல்லக் கடமைப்பட்டவராக இருக்க வேண்டும்.

இவற்றில் எதற்கும் பெரிய கஜானா தேவையில்லை. ஆள் இருக்கிறது, பட்டியல் இருக்கிறது, பதிவெண் இருக்கிறது.

இப்போதைய ஏற்பாட்டில் ஏமாந்தவரின் கதி என்ன என்பதையும் பார்த்து விடுவோம். சான்றிதழில் எட்டு மாதம் மிச்சமிருந்த படகை ஒருவர் வாங்குகிறார் என்று வைத்துக் கொள்ளுங்கள். எட்டு மாதம் கழித்து வரும் பரிசோதகர் காஸ் குழாய் முழுவதையும் மாற்றச் சொல்கிறார். மக்கள் வசிக்கும் படகில் காஸ் வேலையைப் பதிவு பெற்ற காஸ் தொழில் நிபுணர்தான் செய்யலாம், அதற்குப் பணமில்லை. சான்றிதழ் போச்சு. சான்றிதழ் போனால் லைசென்ஸ் போச்சு. லைசென்ஸ் இல்லாத படகை நீரிலிருந்து அப்புறப்படுத்த 1983ஆம் ஆண்டின் நீர்வழிச் சட்டம் எட்டாவது பிரிவில் நிர்வாகத்துக்கு அதிகாரம் தந்திருக்கிறது. விற்பனை நாளன்று எங்கும் கண்ணில் படாத சட்டம், அன்று நோட்டீசுடன் வந்து படகின் ஜன்னலில் ஒட்டும். நோட்டீசில் இன்றைய சொந்தக்காரரின் பெயர் இருக்கும். குழாய்களை அந்த நிலையில் விட்டு, பணத்தை வாங்கிக் கொண்டு போனவரின் பெயர் இருக்காது.