கத்தரியைப் பிடிக்கும் முன் கண்ணைப் படியுங்கள்

மூன்றாம் படிவம் முடியும் நேரத்தில் பல வீடுகளில் ஒரு விவாதம் நடக்கும். “நான் வீடியோ எடிட்டர் ஆகப் போகிறேன்” என்பார் பிள்ளை. “அதெல்லாம் ஒரு வேலையா? பேசாமல் அறிவியல் பிரிவை எடு” என்பார் அப்பா. “எடிட்டிங்குக்கு இயற்பியல் எதற்கு?” என்று பிள்ளை திருப்பிக் கேட்பார். பேச்சு அதோடு நின்றுவிடும். இருவர் முகமும் வாடிப்போகும்.

மாணவர்களே, இந்த விவாதத்தில் நான் யார் பக்கமும் இல்லை. ஏனென்றால் இருவரும் ஒரே தவற்றைத்தான் செய்கிறார்கள். அறிவியல் ஒரு பக்கம், எடிட்டிங் இன்னொரு பக்கம் என்று இருவருமே நினைக்கிறார்கள். காணொளித் தொகுப்பு நல்ல தொழில். விருப்பம் இருந்தால் துணிந்து போங்கள். ஆனால் அறிவியலையும் கணிதத்தையும் கூடவே எடுத்துக்கொண்டு போங்கள். ஏன் என்று சொல்கிறேன்.

முதலில் ஒரு சோதனை. முகம் பார்க்கும் கண்ணாடி முன் நின்று உங்கள் இடக்கண்ணைப் பாருங்கள். பிறகு பார்வையை வலக்கண்ணுக்கு மாற்றுங்கள். மீண்டும் இடக்கண். உங்கள் கண் அசைவது உங்களுக்குத் தெரிகிறதா? தெரியாது. தம்பியையோ தங்கையையோ பக்கத்தில் நிற்க வைத்துக் கேளுங்கள். “நன்றாக அசைகிறதே” என்பார்கள். பார்வை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குத் தாவும் அந்தச் சிறு நேரத்தில் கிடைக்கும் மங்கலான காட்சியை மூளை அடக்கிவிடுகிறது. தாவலுக்கு முன் கண்டதையும் பின் கண்டதையும் சேர்த்து, அறுபடாத ஒரே காட்சியாக நமக்குத் தருகிறது. அதாவது, நம் எல்லார் தலைக்குள்ளும் ஓர் எடிட்டர் ஏற்கெனவே வேலை செய்துகொண்டிருக்கிறார். நீங்கள் செய்யப் போகும் வேலை அவரோடு ஒத்துப் போவதுதான்.

அமெரிக்கப் படத்தொகுப்பாளர் வால்டர் மர்ச், 1974இல் வெளிவந்த ‘தி கான்வர்சேஷன்’ படத்தைத் தொகுத்தபோது ஒன்றைக் கவனித்தார். காட்சியை வெட்டுவதற்கு அவர் தேர்ந்தெடுத்த இடம், பல முறை, நடிகர் ஜீன் ஹேக்மன் கண் சிமிட்டும் இடத்துக்கு மிக அருகிலேயே இருந்தது. ஓர் எண்ணம் முடிந்து அடுத்த எண்ணம் தொடங்கும்போது நாம் கண் சிமிட்டுகிறோம், காட்சி மாறவும் அதுவே பொருத்தமான இடம் என்பது அவர் கருத்து. ‘தி இங்கிலிஷ் பேஷண்ட்’ என்ற படத்துக்காகப் படத்தொகுப்பு, ஒலி ஆகிய இரண்டு பிரிவுகளிலும் ஆஸ்கார் விருது வாங்கியவர் இவர். எந்தப் பொத்தானை அழுத்துவது என்பதைக் கற்க ஒரு வாரம் போதும். எப்போது அழுத்துவது என்பதற்கு மனிதரைக் கூர்ந்து கவனிக்க வேண்டும்.

ஏறக்குறைய நூறு ஆண்டுகளுக்கு முன் ரஷ்ய இயக்குநர் லெவ் குலெஷோவ் செய்த சோதனையும் இதைத்தான் சொல்கிறது. உணர்ச்சி காட்டாத ஒரு நடிகரின் முகத்தை அவர் எடுத்துக்கொண்டார். ஒரு முறை அதற்கு அடுத்து சூப் கிண்ணத்தையும், இன்னொரு முறை சவப்பெட்டியையும் வைத்தார். முகம் ஒன்றே. ஆனால் பார்த்தவர்கள் அதில் பசியையும் துக்கத்தையும் கண்டார்கள் என்று சொல்லப்படுகிறது. நீங்களே செய்து பாருங்கள். நண்பரின் முகத்துக்கு அடுத்து ஒரு தட்டு நாசி லெமாக்; பிறகு அதே முகத்துக்கு அடுத்து சிவப்பு மை நிறைந்த தேர்வுத்தாள். இரண்டையும் வகுப்பில் காட்டுங்கள். இதில் ஓர் எச்சரிக்கையும் இருக்கிறது. இரண்டு உண்மையான காட்சிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தே ஒரு பொய்யைச் சொல்லிவிட முடியும். ஒருவரின் பேச்சை வெட்டி அவர் சொல்லாததைச் சொன்னதாக ஆக்குவதும் எளிது. அந்த வலிமை கையில் இருப்பவருக்குப் பொறுப்பும் வேண்டும்.

கண்ணை விட்டு இனி விளக்குக்கு வருவோம். மண்டபத்தில் எடுத்த காணொளியில் சில வேளை வெளிச்சம் துடிப்பதைப் பார்த்திருப்பீர்கள். நம் வீட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அதனால் பல குழல் விளக்குகளும் சில எல்இடி விளக்குகளும் நொடிக்கு 100 முறை கூடிக் குறைகின்றன. கேமரா 1/50 நொடி திறந்தால் ஒவ்வொரு படத்திலும் சரியாக 2 துடிப்புகள் பதிவாகும். எல்லாப் படங்களும் ஒரே வெளிச்சத்தில் இருக்கும். 1/60 நொடி திறந்தால் ஒன்றரைக்கு மேல், இரண்டுக்குக் குறைவு; படத்துக்குப் படம் வெளிச்சம் மாறும். நம் தொலைக்காட்சி நொடிக்கு 25 படங்கள் என்ற கணக்கைப் பின்பற்றுவதற்கும் இந்த 50 ஹெர்ட்ஸோடு உறவு உண்டு. இது தெரிந்தவர் படப்பிடிப்பு நாளிலேயே கேமராவைத் திருத்திவிடுவார். தெரியாதவர் கணினி முன் பல மணி நேரம் போராடுவார்.

அடுத்தது கணக்கு. முழு எச்டி படம் ஒன்றில் 1920 × 1080, அதாவது 2,073,600 புள்ளிகள். ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என 3 பைட். நொடிக்கு 25 படங்கள். பெருக்கிப் பாருங்கள்: நொடிக்கு ஏறக்குறைய 155 மெகாபைட், நிமிடத்துக்கு 9 ஜிகாபைட்டுக்கு மேல். ஆனால் உங்கள் கைப்பேசியில் ஒரு நிமிடக் காணொளி பெரும்பாலும் 200 மெகாபைட்டுக்குள் அடங்கிவிடுகிறது. எப்படி? முழுப் படம் ஒன்றைச் சேமித்துவிட்டு, அடுத்தடுத்த படங்களில் மாறியதை மட்டும் கணக்கிட்டு வைக்கிறார்கள். நம் கண் வெளிச்சத்தின் நுணுக்கத்தைப் பார்க்கும் அளவுக்கு நிறத்தின் நுணுக்கத்தைப் பார்ப்பதில்லை. எனவே நிறத் தகவலையும் குறைக்கிறார்கள். இடம் மிச்சம். ஆனால் எடிட் செய்யும்போது ஒரு படத்தைக் காட்டவே கணினி மற்ற படங்களையும் கணக்கிட வேண்டியிருக்கிறது. அது திணறுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். புலனத்தில் திரும்பத் திரும்பப் பகிரும் காணொளி ஏன் மங்கிப்போகிறது என்பதும் இப்போது உங்களுக்குப் புரிந்திருக்கும்.

“இதையெல்லாம் செயற்கை நுண்ணறிவு செய்துவிடாதா?” என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. பேச்சை எழுத்தாக்குவது, அமைதியான இடங்களை நீக்குவது, பின்னணியைப் பிரிப்பது போன்றவற்றை இன்றைய மென்பொருள்களே செய்கின்றன. முன்பு இந்த வேலைகளைச் செய்துதான் புதியவர்கள் தொழிலுக்குள் நுழைந்தார்கள். அந்த முதல் படி இப்போது தேய்ந்து வருகிறது. ஆகவே மென்பொருளை மட்டும் தெரிந்தவருக்கு வருங்காலம் கடினம். இந்த மௌனத்தை வெட்டலாமா, இல்லை, அந்த மௌனத்தில்தான் பாட்டியின் துக்கம் இருக்கிறதா என்று முடிவு செய்பவருக்கு வேலை இருக்கும் என்பது என் நம்பிக்கை.

சிரமங்களையும் மறைக்க விரும்பவில்லை. கெடு நெருங்கினால் இரவு பகல் பார்க்க முடியாது. தனித்து வேலை செய்பவருக்கு மாதாமாதம் ஒரே வருமானம் வராது. ஒரே காட்சியை நூறு முறை பார்க்கும் பொறுமை வேண்டும். பெற்றோரின் கவலைக்குக் காரணம் இல்லாமல் இல்லை. ஆனால் கதவுகள் பல உண்டு. தொலைக்காட்சியும் திரைப்படமும் மட்டும் அல்ல. விளம்பரம், திருமணப் படம், கல்விக் காணொளி, மருத்துவமனைகளின் விழிப்புணர்வுப் படம் என எல்லா இடத்திலும் எடிட்டர் தேவை. அறிவியல் புரிந்த எடிட்டர் ஒருவரிடம் இதய அறுவைச் சிகிச்சை பற்றிய படத்தைக் கொடுத்தால், எதை வெட்டக்கூடாது என்று அவருக்குத் தெரிந்திருக்கும்.

எஸ்.பி.எம். முடித்த பின் கோலாலம்பூரில் அஸ்வாரா, சைபர்ஜெயாவில் பல்லூடகப் பல்கலைக்கழகம் போன்ற இடங்களில் திரைப்படத் துறையைப் படிக்கலாம். அதற்கு இன்னும் காலம் இருக்கிறது. இப்போதே செய்யக்கூடியது ஒன்று உண்டு. டாவின்சி ரிசால்வ் போன்ற தொழில்முறை மென்பொருளின் இலவசப் பதிப்பே உங்களுக்குப் போதும். பள்ளி விளையாட்டுப் போட்டி நாளைப் படம் பிடியுங்கள். அதே காட்சிகளைக் கொண்டு மூன்று ஒரு நிமிடப் படங்கள் செய்யுங்கள்: ஒன்று வெற்றி பெற்றவரின் கதை, ஒன்று கடைசியாக வந்தவரின் கதை, ஒன்று பாட்டே இல்லாமல் வெறும் மைதான ஒலியோடு. ஒவ்வொரு வெட்டுக்கும் “ஏன் இங்கே?” என்று ஒரு வரி எழுதி வையுங்கள். பதில் எழுத முடியாத வெட்டை நீக்கிவிடுங்கள்.

பிறகு அந்தப் படங்களை அப்பா அம்மாவிடம் போட்டுக் காட்டுங்கள். கண்ணாடிச் சோதனையையும் அவர்களைச் செய்யச் சொல்லுங்கள். ‘எடிட்டிங்குக்கு இயற்பியல் எதற்கு?’ என்று கேட்ட அதே பிள்ளை, விளக்கு ஏன் துடிக்கிறது என்று விளக்கிச் சொன்னால், எந்த அப்பாவும் கொஞ்ச நேரம் உட்கார்ந்து கேட்பார். பாடத் தேர்வைப் பற்றி அதன் பிறகு பேசலாம்.