தொட்டுப் பார்க்காத கால்

'பிள்ளத்தாச்சின்னா கால் வீங்கத்தான செய்யும்.' சங்கரன்கோவில் வட்டாரத்தில் எங்கள் தெருப் பெண்கள் ஆஸ்பத்திரிப் படியேறிவிட்டுச் சுமந்துவருகிற வாக்கியம் இது. பாதி உண்மை. மீதிப் பாதி ஆளைக் கொல்லும்.

பிரசவத்தில் தாய் ரத்தம் கொட்டிச் சாகக்கூடாதென்று உடம்பே முன்னேற்பாடு செய்கிறது. உறையவைக்கிற ஃபைப்ரினோஜன் கடைசி மாதங்களில் ஏறக்குறைய இரண்டு மடங்காகிறது. உறைதலைத் தடுக்கிற புரதம்-எஸ் குறைகிறது. கனத்த கருப்பை இடுப்பின் ரத்தநாளங்களை அழுத்துவதால் காலிலிருந்து ரத்தம் மெதுவாகவே மேலேறுகிறது. காப்பாற்ற வந்த உறைதலே காலில் கட்டியாகி, பெயர்ந்துபோய் நுரையீரலை அடைத்தால் சாவு. கர்ப்பமில்லாத பெண்ணைவிட இந்த ஆபத்து நாலைந்து மடங்கு. பெற்ற பிறகு ஆறு வாரம் இன்னும் கூடுதல்.

இரண்டு காலும் வீங்குவது சாதாரணம். ஒரு கால் மட்டும், பெரும்பாலும் இடது கால், வீங்கி வலித்தால் அது வேறு. டாப்ளர் ஸ்கேன் பிறகு. இரண்டு காலையும் தொட்டு ஒப்பிட்டுப் பார்க்கிற கைதான் முதலில் வேண்டும்.

அந்தக் கைதான் நமக்கு நீளாத கை. 1929-இல் 'யங் இந்தியா'வில் கத்தியவாரைச் சேர்ந்த தீண்டப்படாத பள்ளி ஆசிரியர் ஒருவரின் கடிதம் வெளியானது. அம்பேத்கர் அதை எடுத்து எழுதியிருக்கிறார். பிள்ளை பெற்ற மனைவிக்கு மூச்சு முட்டியது, விலா வலித்தது. டாக்டர் தெர்மாமீட்டரை ஒரு முஸ்லிமிடம் கொடுத்தார், அவர் கணவனிடம், கணவன் மனைவியிடம். தொடாமலே நிமோனியா என்றார். அவள் செத்துப்போனாள். உண்மையில் என்ன நோயென்று இனி யார் சொல்வது? தொடாத கைக்கு எல்லா நோயும் ஒன்றுதான்.

இன்று தீட்டு வேறு உடுப்பில் வருகிறது. என் மதினியின் காலை மேசைக்கு அந்தப் பக்கமிருந்தே பார்த்துச் சீட்டு எழுதினார்கள் ஓரிடத்தில். மூன்றாம் நாள் வேறோர் இடத்தில்தான் ரத்தக்கட்டி என்று தெரிந்தது. ஹெப்பாரின் ஊசி போட்டார்கள்; அது பிள்ளைக்குப் போய்ச் சேராத மருந்து. இருவரும் பிழைத்தார்கள்.

வெளியே மட்டும் விரல் நீட்டிப் பயனில்லை. 'பச்ச ஒடம்புக்காரி, தண்ணி குடிக்காத, நடக்காத' என்று நம் வீட்டுக் கிழவிகளும் சொல்லுதாக. நீர் வற்றினால், அசைவு நின்றால், உறைதல் கூடும். மடியில் பீடித்தட்டோடு காலை மடக்கிப் பொழுதெல்லாம் உட்கார்கிற சூலிக்கு எழுந்து நடந்தால் கூலி போகும். தாய்க்குப் பேறுகாலத்துக்கு முன்னும் பின்னும் ஓய்வு வேண்டும், அது தேசத்தின் நலன் என்று 1928-இல் பம்பாய் சட்டசபையில் அம்பேத்கர் வாதாடினார். வீட்டிலிருந்து பீடி சுற்றுகிறவளுக்கும் பேறுகாலப் பயன் உண்டென்று 1966 சட்டம் எழுதியது. எத்தனை பேர் கையில் அது வந்து சேர்ந்தது? முதலாளியே, கணக்கைக் காட்டு.

ரத்தத்துக்குச் சாதி கிடையாது என்று மேடையில் முழங்குவது சுலபம். உறைவது எல்லார் ரத்தமும்தான். உறைந்ததைக் கவனிக்காமல் விடுவதில்தான் சாதி இருக்கிறது.

தாயி, கூசாத. சீட்டை வாங்குமுன்னே ரெண்டு காலையும் நீட்டு. 'ஒத்தக் கால்தான் வீங்கியிருக்கு, தொட்டுப் பாருங்க'ன்னு சத்தமாக் கேளு. அது கெஞ்சலில்லை, உரிமை.