பேயன்று, பிணி
முதிய தாய் பெற்ற மகளையே ‘நீ யார்?’ என வினவினால், பேயென்று பூசாரியை அழைக்கிறோம். இஃது அல்ஸைமர் என்னும் மூளைப் பிணி. ஜெர்மானிய வைத்தியர் அலாய்ஸ் அல்ஸைமர் 1906இலேயே இதனை எடுத்துரைத்தார். பூரண குணமளிக்கும் மருந்து இன்றுமில்லை. ஆகவே உதவி வேண்டுவது பராமரிப்பவளுக்குமன்றோ? பெட்டாலிங் ஜெயாவில் பகல்நேரப் பராமரிப்பு நிலையமுண்டு; தோட்டத்து லயத்திலிருந்து அங்கே நாள்தோறும் செல்வதெங்ஙனம்? செம்பனைக்காக என்றோ வெட்டப்பட்ட பால்மரங்களைச் சீவ, இருட்டோடு புறப்படுகிறாள் ஒரு கிழவி. அவளைக் காக்க மகள் வீட்டில் தங்கினால், செக்ரோலில் ‘வரவில்லை’ என்று குறிப்பவன் கிராணியாகிய நானே! திருவிழா வசூலில் ஒரு பங்கெடுத்து, பகற்பொழுதில் துணையிருக்க ஒருத்தியைச் சம்பளத்திற்கு அமர்த்தலாகாதா என்று கோயில் தலைவரைக் கேட்டேன். ‘அது பெண்மக்கள் கடமை’ என்றார். அவருடைய தாயாரைக் கவனிப்பவளோ சம்பளக்காரி.