பின்களத்தில் நிற்கும் பிள்ளை

“பந்தடித்து என்ன உத்தியோகம் எடுக்கப் போகிறாய்?” இந்தக் கேள்வியைக் கேட்காமல் வளர்ந்த பிள்ளை எங்கள் வகுப்பில் இல்லை. கேட்பவர்களில் குறை சொல்ல எனக்கு மனமும் இல்லை. 1990 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்தை விட்டு வெளியேற்றப்பட்டு, புத்தளத்து முகாம்களில் படித்த தலைமுறை எங்கள் உம்மா வாப்பாமாருடையது. படிப்பு இடைநடுவில் நின்றுபோனவர்கள் அதில் பலர். மகளின் கையில் சான்றிதழ் ஒன்று இருக்க வேண்டும் என்று அவர்கள் நினைப்பதில் நியாயம் இருக்கிறது. ஆகவே அந்தக் கேள்விக்கு மழுப்பாமல் பதில் சொல்லப் பார்க்கிறேன்.

நுஹைலா பென்ஸினா என்பவர் மொரோக்கோவின் பின்கள வீராங்கனை. உதைபந்தாட்டம்தான் அவருடைய தொழில். 2023 உலகக் கிண்ணத்தின் முதல் ஆட்டத்தில் ஜேர்மனியிடம் மொரோக்கோ 6–0 எனத் தோற்றது. அதில் அவர் களமிறங்கவில்லை. ஜூலை 30ஆம் திகதி அடிலெய்டில் தென்கொரியாவுக்கு எதிராக இறங்கினார். உலகக் கிண்ணத்தில் ஹிஜாப் அணிந்து ஆடிய முதல் வீராங்கனை அவர்தான். பலரும் அந்தத் துணியைப் பற்றியே பேசினார்கள். எனக்குப் பெரிதாகத் தெரிவது வேறு. ஆறாவது நிமிடத்தில் கிடைத்த ஒரேயொரு கோலை மீதி ஆட்டம் முழுவதும் காப்பாற்றிக் கொடுத்தது மொரோக்கோவின் பின்களம். 1–0. கோல் அடித்தவரின் பெயர் பட்டியலில் இருக்கும். கோல் விழாமல் தடுத்தவருக்கு அப்படி ஒரு பட்டியலே கிடையாது.

2014 வரை பீபா ஹிஜாபுக்கு இடம் கொடுக்கவில்லை. 2011இல் அம்மானில் ஜோர்தானுடன் ஒலிம்பிக் தகுதிகாண் ஆட்டம் ஆட வந்த ஈரானியப் பெண்கள், உடை காரணமாகவே ஆடவிடாமல் நிறுத்தப்பட்டார்கள். அப்போது பென்ஸினாவுக்கு 13 வயது. அந்த வயதில் அவருடைய வீட்டில் “உனக்கு அங்கே இடமில்லை” என்று சொல்லியிருந்தால், அது பொய்யாக இருந்திருக்காது.

எங்களுக்கு இன்னும் கிட்டிய ஆட்டம் உள்ளக உதைபந்தாட்டம், அதாவது ஃபுட்சால். 1930இல் உருகுவேயில் தொடங்கியது. பக்கத்துக்கு ஐந்து பேர். சுமார் 40 மீற்றர் நீளம், 20 மீற்றர் அகலம். அதிகம் துள்ளாத சிறிய பந்து. பின்னால் நிற்கும் வீராங்கனையை ‘பிக்ஸோ’ என்பார்கள். ஒரு பாதியில் அணி ஐந்து பிழைகள் வரை செய்யலாம். ஆறாவதிலிருந்து எதிரணிக்கு 10 மீற்றரில் தடுப்புச் சுவரில்லாத உதை கிடைக்கும். ஆகவே இடித்து விழுத்திப் பந்தெடுப்பவர் பிக்ஸோவாக நிலைக்க முடியாது. பொறுத்து, காலைப் பார்த்து, எதிராளி பிழைவிடும் நொடியில் கால் வைக்க வேண்டும். பத்து வயது வரை சோனகத் தெரு ஒழுங்கைகளில் தம்பிமாரோடு பந்தடித்த எங்களுக்கு இது புதுப் பாடமும் இல்லை.

ஈரானியப் பெண்கள் 2015இலும் 2018இலும் ஃபுட்சாலில் ஆசியக் கிண்ணத்தை வென்றார்கள், ஹிஜாபுடனேயே. 2015இல் அணித் தலைவி நிலூபர் அர்தலான் மலேசியாவுக்குப் போகவில்லை. கடவுச்சீட்டுக்குக் கணவர் சம்மதிக்கவில்லை. அணி கிண்ணத்தோடு திரும்பியது, தலைவி வீட்டிலிருந்தார். யாரையும் ஏசுவதற்காக இதை எழுதவில்லை. எங்கள் அனுமதிப் படிவத்திலும் ஒரு கையொப்ப இடம் இருக்கிறது, அதனால் எழுதுகிறேன்.

இனி உத்தியோகம். ஃபுட்சால் உலகக் கிண்ணம் ஆண்களுக்கு 1989இல் தொடங்கியது. பெண்களுக்கு 2025இல்தான், பிலிப்பைன்ஸில். இலங்கையில் ஒரு பிள்ளை இதை மட்டும் நம்பிக் குடும்பம் நடத்தலாம் என்று நான் சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள். ஆனால் தர்ஜினி சிவலிங்கத்தைப் பாருங்கள். கிழக்குப் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றவர், தேசிய வலைப்பந்தாட்ட அணியில் ஆடி, அவுஸ்திரேலியாவுக்கும் ஆடப் போனார். அவருடைய உயரம் எல்லோருக்கும் வராது என்பது சரி. ஆனால் படிப்பும் பந்தும் ஒரே ஆளிடம் இருந்ததற்கு உயரம் காரணமில்லை. விளையாட்டில் திறமை காட்டியோருக்குப் பல்கலைக்கழகங்களில் விசேட அனுமதி உண்டு. கல்வியியற் கல்லூரிகளில் உடற்கல்விப் பாடநெறி உண்டு. எங்கள் சமூகத்தில் பெண் உடற்கல்வி ஆசிரியைகள் எத்தனை பேர் என்று ஒருமுறை எண்ணிப் பாருங்கள்.

பெற்றோரின் அடுத்த தயக்கம் தெருவோர மைதானம். அதற்கான பதில் எங்கள் கல்லூரி மண்டபத்திலேயே இருக்கிறது. நாற்பது மீற்றர் இல்லைதான். மூவருக்கு மூவராகப் பழக அதுவே போதும். கதிரைகளை ஒதுக்கவும் திரும்ப அடுக்கவும் நாங்கள் ஆயத்தம். கேட்பது இரண்டு கோல் கம்பங்கள், நான்கு பந்துகள், ஒரு பெண் பயிற்றுநர், வாரத்தில் இரண்டு நாள் அஸருக்குப் பின் ஒரு மணித்தியாலம். மஃரிபுக்கு முன் வீட்டில் நிற்போம். உம்மாமார் வந்து பார்ப்பதென்றால் முன்வரிசைக் கதிரைகளை அப்படியே விட்டுவைக்கிறோம்.