டொலமைட் மூட்டைக்குள் ஒரு கடல்

கவ்வாத்து வெட்டின மலைக்கு டொலமைட் போடுறதை நம்மில் பாதிப் பேராவது பார்த்திருப்போம். வெள்ளைத் தூள், மண்ணின் புளிப்பை முறிக்கும். அவ்வளவுதான் நமக்குத் தெரியும். ஆனா அந்தத் தூள் ஒரு காலத்தில் கடலடியில் படிந்த சுண்ணாம்பு. மீனும் சிப்பியும் தோன்றாத காலத்துக் கடல் அது. கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள்தான் அதில் இருந்தன. அந்தச் சுண்ணாம்பு வெந்து சலவைக்கல்லாகி, இன்றைக்கு மத்திய மலைநாட்டில் வெட்டப்படுகிறது. பதுளை, வெலிமடைப் பக்கமும் அந்தக் கல் இருக்கு.

நம்ம லயங்களுக்குக் கீழே இருக்கிற பாறைகளைப் புவிச்சரிதவியலாளர்கள் உயர்நிலத் தொகுதி என்கிறார்கள். ஏறக்குறைய 55 முதல் 61 கோடி ஆண்டுகளுக்கு முன், கொண்டுவானா என்ற பெருங்கண்டம் ஒட்டிச் சேர்ந்தபோது, நிலத்துக்குள் பல கிலோமீற்றர் ஆழத்தில் 800 பாகை செல்சியசுக்கு மேல் வெந்த கல் இது. அந்தச் சூட்டில் எந்த உயிரின் அச்சும் மிஞ்சாது. மிஞ்சியது இரசாயனம் மட்டும்தான். சில பாறைகளில் காரீயச் செதில் மின்னும். உயிர்கள் எடை குறைந்த காபன் 12ஐத்தான் கூடுதலாக எடுத்துக்கொள்ளும். வெந்த பிறகும் அந்தக் கணக்கு முழுசா அழியாது. அதை அளந்துதான் இது பழைய உயிரின் மிச்சம் என்கிறார்கள். (போகல சுரங்கத்துக் காரீயம் வேறு கதை.)

வயதைச் சொல்வது சிர்கோன் மணி. அது உருவாகும்போது யுரேனியத்தைச் சேர்த்துக்கொள்ளும், ஈயத்தை அண்டவிடாது. பிறகு யுரேனியம் மெதுவாக ஈயமாக மாறும். இரண்டையும் அளந்தால் வயது வந்துவிடும். 1980களில் பேராதனையின் பேராசிரியர் விதானகே, ஜேர்மனியின் அல்ஃபிரட் க்ரோனர் முதலானோர் இந்தத் தொகுதியில் அளந்தபோது, சுமார் 320 கோடி ஆண்டு பழைய மணிகள்கூடக் கிடைத்தன. பூமிக்கே வயது 454 கோடிதான்.

இந்தப் பட்டியலில் தமிழ்ப் பெயர் இல்லாமலில்லை. கலை ஆய்வாளராக நமக்குத் தெரிந்த ஆனந்த குமாரசுவாமி, 1903 முதல் 1906 வரை இலங்கைக் கனிம ஆய்வுக்குத் தலைவராக இருந்தவர். ஆனா அவர் இங்கிலாந்தில் வளர்ந்தவர். லயத்துக்கும் அவருக்கும் ரொம்பத் தூரம்.

நம்மிடம் மலை வருவது மண்சரிவாகத்தான். 2014 ஒக்டோபர் 29, கொஸ்லந்தை மீரியபெத்தை. 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்ததாகத் தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் பிறகு சொன்னது. தெரிஞ்சிருந்தா மட்டும் எங்கே போயிருப்பாங்க, காணி இல்லையே என்று கேட்பீர்கள். நியாயம்தான். ஆனா எச்சரிக்கை எழுதுகிறவர், அளக்கிறவர், தோட்டத்து மக்களிடம் வந்து சொல்கிறவர் எல்லாருமே வெளியாட்களாக இருக்கிறது எத்தனை காலத்துக்கு?

ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகம் பதுளையிலேயே இருக்கு. கனிய வளத் தொழில்நுட்பம் அங்கேயே படிக்கலாம். அதுக்கு உயர்தரத்தில் கணிதமோ விஞ்ஞானமோ செய்திருக்கணும். தோட்டப் பக்கத் தமிழ்ப் பாடசாலைகள் பலவற்றில் அந்தப் பிரிவுகளே கிடையாது. சம்பளமும் காணியும் கேட்கிற மனுவில் இரசாயனவியல் ஆசிரியரையும் எழுதுங்க என்றால், "முதல்ல வீடு, தம்பி" என்பார்கள். சரி, எந்த மலையில் வீடு கட்டலாம் என்று யார் பார்த்துச் சொல்வது?