உலைக்கு முன்னே ஒரு பிடி





தாமிரபரணிக் கரையில் பிசான அறுப்பு தொடங்கிவிட்டது. போன வாரம் சேரன்மகாதேவி வழியாக பஸ்ஸில் வந்தபோது ரோட்டோரம் நெல் காயப் போட்டிருந்தார்கள். ஜன்னல் வழியே புது நெல் வாசனை வந்ததும் ஆச்சியின் ஓலைக் கொட்டான் ஞாபகத்துக்கு வந்துவிட்டது.

ஆச்சியின் ஊர் தேரிக்காட்டுப் பக்கம். செம்மணலும் பனையுமான பூமி, அங்கே நெல் ஏது? கடையில் காசு கொடுத்து வாங்குகிற அரிசிதான். ஆச்சி உழக்கால் அளந்து, சுளகில் போட்டுப் புடைத்து, கல் பொறுக்குவாள். கழுவுவதற்கு முன்னால் வலது கையால் ஒரு பிடி அள்ளி, அடுப்படி மாடத்துக் கொட்டானில் போடுவாள். போடும்போது உதடு மட்டும் அசையும். என்ன ஜெபித்தாள் என்று ஒருநாளும் சொன்னதில்லை. ஞாயிற்றுக்கிழமை அந்தக் கொட்டான் அவளோடு கோயிலுக்குப் போகும். நம் சபைகளுக்குப் பழக்கமான கைப்பிடி அரிசிக் காணிக்கை அதுதான்.

பனையேற்று இல்லாத ஒரு கார்த்திகை மாதம். அளந்தது ஒன்றரை உழக்கு, சாப்பிட ஆறு பேர். அன்றைக்கும் ஒரு பிடி கொட்டானுக்குப் போனது. “இன்னைக்கு வேண்டாமே ஆச்சி, நமக்கே காணாதே” என்றேன். அவள் கோபப்படவில்லை. “எடுத்து வச்சிட்டுப் பொங்கு, காணும். பொங்கிட்டு மிச்சம் பாத்தா என்னைக்குமே காணாதுலே” என்றாள். அன்று இரவு கஞ்சியில் தண்ணீர்தான் கூடுதல். ஆனால் ஆச்சியின் முகத்தில் வாட்டமே இல்லை. அந்த வயதில் அது எனக்கு விளங்கவில்லை.

கோயிலில் எல்லார் வீட்டு அரிசியையும் ஒரே சாக்கில் கொட்டுவார்கள். புழுங்கலும் பச்சரிசியும் ரேஷன் அரிசியும் கலந்து கிடக்கும். ஆராதனை முடிந்ததும் கோழி, முட்டை, முருங்கைக்காயோடு அதுவும் ஏலத்துக்கு வரும். கலந்த அரிசி ஒரு பதத்தில் வேகாது என்று எல்லாருக்கும் தெரியும். தெரிந்தே போட்டி போட்டு விலை ஏற்றுவார்கள். ஏலம் எடுத்தவர் சாக்கைத் தோளில் போட்டுக்கொண்டு சிரித்தபடி போவார்.

இப்படிச் சேர்ந்த சில்லறைக்குப் பெரிய சரித்திரம் இருக்கிறது. வெள்ளாளன்விளையில் பிறந்த வே.ச. அசரியா 1902-இல் யாழ்ப்பாணம் போனார். அங்குள்ள தமிழ்க் கிறிஸ்தவர்கள் தங்கள் சொந்தக் காணிக்கையில் கடல் கடந்து தொண்டிப் பகுதிக்கு ஊழியர்களை அனுப்புவதைப் பார்த்தார். அது அவரைக் குத்தியது. மறுவருஷம், 1903 பிப்ரவரி 12-ஆம் தேதி, பாளையங்கோட்டையில் இந்திய மிஷனரி சங்கம் பிறந்தது. இந்தியர் பணம், இந்திய ஊழியர், இந்தியர் நிர்வாகம் என்பது அதன் தீர்மானம். அப்போது நம் சபைகளில் பெரும்பாலோர் பனையேறிகளும் கூலி வேலைக்காரர்களும். முதலில் நாம் நிமிர்வோம், பிறகு பிறருக்குச் செய்வோம் என்று அவர்கள் சொல்லியிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க முடியாது. அவர்கள் சொல்லவில்லை. நிஜாம் சீமையில், பாஷை தெரியாத தோர்ணக்கல்லுக்குத் தங்கள் ஆட்களை அனுப்பினார்கள். அசரியாவும் 1909-இல் அங்கே போனார். 1912-இல் அங்கேயே பேராயரானார், ஆங்கிலிக்கன் சபையில் முதல் இந்தியப் பேராயர். காணிக்கை கொடுப்பதைப் பற்றித் தனிப் புத்தகமே எழுதினார். எனக்கு மிகவும் பிடித்த விஷயம் வேறு: அந்தத் தெலுங்கு நாட்டு ஏழைப் பெண்களும் சமைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசி எடுத்து வைத்துக் கோயிலுக்குக் கொண்டுவந்தார்கள். பெறுகிற சபையாகவே இருங்கள் என்று அவர் அவர்களை விட்டுவிடவில்லை. கொடுக்கிற சந்தோஷம் அவர்களுக்கும் உரியது என்று நினைத்தார்.

அதற்கும் வெகுகாலம் முன்னே குளோரிந்தா அம்மையார் இருந்தார். பாளையங்கோட்டைச் சபையின் 1780-ஆம் வருஷப் பதிவில் இருந்த பெயர்கள் 40 மட்டுமே. சபை பெருகட்டும் என்று அந்த விதவை காத்திருக்கவில்லை. அவர் முயற்சியில் எழும்பிய சிறு ஆலயம் 1785-இல் பிரதிஷ்டையானது. ஊரார் அதைப் பாப்பாத்தியம்மா கோயில் என்றார்கள்.

கொடுக்கும் மனசு நமக்கு மட்டும் உரிய சொத்து என்று நான் சொல்ல வரவில்லை. 2023 டிசம்பர் வெள்ளத்தில் செந்தூர் எக்ஸ்பிரஸ் சுமார் 800 பயணிகளோடு ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுவிட்டது. சுற்றிலும் தண்ணீர். பக்கத்துப் புதுக்குடி மக்கள் தங்கள் அம்மன் கோயிலில் அடுப்பு மூட்டிச் சோறு பொங்கிப் போட்டார்கள். அவர்கள் ஊருக்கும் எப்போது சாமான் வரும் என்று தெரியாத நேரம் அது. சாறிபாத் ஊர் விதவை கடைசி மாவில் தீர்க்கதரிசிக்கு முதலில் அடை சுட்டுக் கொடுத்ததைப் பிரசங்கத்தில் எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். புதுக்குடிச் செய்தியைப் படித்த அன்றுதான் அந்த அடுப்பின் சூடு எனக்குப் பட்டது.

பல வருஷம் நானும் மாதக் கடைசியில் மிச்சம் பார்த்துத்தான் காணிக்கை போட்டேன். போட்டுவிட்டு வந்தால் கடன் தீர்த்த நிம்மதி இருக்கும், சந்தோஷம் இருக்காது. ஒரு வருஷமாக எங்கள் வீட்டுக் குக்கர் பக்கத்தில் ஒரு பழைய ஹார்லிக்ஸ் பாட்டில் இருக்கிறது. அரிசி களைவதற்கு முன் என் மனைவி ஒரு பிடி போடுகிறாள். சம்பளம் வந்த அன்றே முதலில் நான் எடுத்து வைக்கிறேன். வருமானம் கூடவில்லை, விலைவாசி குறையவில்லை. ஆனாலும் அந்தப் பாட்டிலில் அரிசி விழும் சத்தம் கேட்டால் காலையில் என்னையறியாமல் வாயில் பாட்டு வருகிறது. ஆச்சியின் முகம் இப்போது விளங்குகிறது.

உங்கள் சேகரத்தில் கைப்பிடி அரிசி இன்னும் உண்டா? கொட்டானா, டப்பாவா, துணிப்பையா? யார் தொடங்கி வைத்தது, அந்த அரிசி எங்கே போகிறது? வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு எழுதுங்கள். தபால் அட்டையில் நாலு வரி போதும். வருகிற இதழ்களில் இடம் ஒதுக்கி வைத்திருக்கிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்