சூடானால் ஊமையாகும் ரேடியோ



"போட்டவுடன் நன்றாகத்தான் பேசுகிறது. அரை மணி நேரம் போனால் ஊமையாகிவிடுகிறது. ரிப்பேர் கடைக்குக் கொண்டுபோனால் ஒழுங்காக வேலை செய்கிறது!" பழைய ஹேம் ரேடியோ வைத்திருக்கும் பெரியவர்களிடம் நான் அடிக்கடி கேட்கும் புலம்பல் இது. வானொலியில் பேசுகிறவருக்கு ரேடியோவின் வயிற்றுக்குள் இருப்பதும் தெரியும் என்று அவர்களுக்கு ஒரு நம்பிக்கை. கேட்டுக் கேட்டு நானும் கற்றுக்கொண்டேன்.

இது சூட்டினால் வரும் கோளாறு. சர்க்கியூட் போர்டில் உள்ள செம்பு, ஈயம், பலகை மூன்றும் சூடானால் விரியும். ஆனால் ஒரே அளவில் விரியாது. முப்பது, நாற்பது ஆண்டுகள் சூடாகி ஆறி வந்ததில், ஈயப் பற்றில் முடி அளவு விரிசல் விழுந்துவிடும். ஆறியிருக்கும்போது ஒட்டிக்கொள்ளும், சூடானால் விலகும்.

இது தெரியாமல் சிலர் கண்ணில் பட்ட பாகங்களையெல்லாம் மாற்றுகிறார்கள். கடைசியில் செட் ஸ்டோர் அறைக்குப் போகிறது. அதோடு அந்தப் பெரியவரின் மாலை நேர நண்பர்களும் போய்விடுகிறார்கள்.

முதல் விதி இதுதான்: நோய் தெரியாத நேரத்தில் மருந்து கொடுக்காதீர்கள். கோளாறு வரும்வரை காத்திருங்கள். எத்தனை நிமிடத்தில் வந்தது, ஒலி மட்டும் போனதா, அலைவரிசை நகர்ந்ததா என்று எழுதி வையுங்கள். மூடியைக் கழற்றினால் காற்று பட்டுக் கோளாறு ஒளிந்துகொள்ளும். சரியாகிவிட்டது என்று ஏமாறாதீர்கள்.

அடுத்து, அதை நாமே வரவழைக்க வேண்டும். ஹேர் டிரையரைக் குறைந்த சூட்டில் வைத்து, போர்டின் ஒரு மூலையை மட்டும் சூடாக்குங்கள். கோளாறு வந்ததும், எலக்ட்ரானிக் கடையில் கிடைக்கும் குளிர் ஸ்பிரேயை ஒவ்வொரு பாகமாகக் கொஞ்சம் அடியுங்கள். எது குளிர்ந்ததும் ரேடியோ உயிர் பெறுகிறதோ, அங்கேதான் திருடன் இருக்கிறான். பிளாஸ்டிக் குச்சியால் மெல்லத் தட்டினால் விரிசல் விட்ட பற்றும் தன்னைக் காட்டிக்கொடுக்கும். பழைய ஈயத்தை எடுத்துவிட்டுப் புதிதாகப் பற்றவைத்தால் பெரும்பாலும் போதும்.

சில செட்டுகள் இதற்கு நேர்மாறு. போட்டவுடன் தகராறு செய்யும், சூடானால் சரியாகும். அப்படியானால் உலர்ந்துபோன எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டரைச் சந்தேகியுங்கள்.

1980களில் வந்த கென்வுட் டிஎஸ்-440எஸ் செட்டின் கதை வேறு. அலைவரிசை எண்கள் மறைந்து வெறும் புள்ளிகள் தெரியும். பாகங்கள் அசையாமல் இருக்க உள்ளே வைத்த பசையே வயதாகி மின்சாரத்தைக் கசியவிடுவது, இதற்குப் பெயர்போன காரணம். பாகத்தை மாற்றிப் பயனில்லை. பசையைப் பொறுமையாகச் சுரண்டி எடுக்க வேண்டும்.

ஓர் எச்சரிக்கை. வால்வு உள்ள பழைய செட்டில் பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உயிரைப் பறிக்கும் மின்சாரம் தங்கியிருக்கும். அதை அனுபவசாலியிடம் விட்டுவிடுங்கள்.

விரிசலைக் கண்டுபிடிக்க நல்ல கண் வேண்டும். தாத்தாவுக்கு அது இல்லை. உங்கள் கைப்பேசி கேமராவுக்கு இருக்கிறது. இந்த ஞாயிற்றுக்கிழமை பக்கத்தில் உட்காருங்கள். அவர் ஹேர் டிரையரைப் பிடிக்கட்டும், நீங்கள் நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.